பெல்மார்ஷ் வழக்கில் பிங்காம் செய்தது என்ன?

அவையோருக்கு வணக்கம். டாம் பிங்காம் பிரபு வகித்த பதவிகளை முதலில் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1959இல் பாரிஸ்டர், 1980இல் உயர் நீதிமன்ற நீதிபதி, 1986இல் மேல்முறையீட்டு நீதிமன்றம். பிறகு 1992இல் 'மாஸ்டர் ஆஃப் த ரோல்ஸ்' (உரிமையியல் மேல்முறையீடுகளுக்குத் தலைமை வகிக்கும் நீதிபதி), 1996இல் இங்கிலாந்தின் தலைமை நீதிபதி, 2000இல் மூத்த சட்டப் பிரபு (பிரபுக்கள் சபை நீதிபதிகளின் தலைவர்). கடைசி மூன்றையும் ஒருவரே வகித்தது அதுவே முதல் முறை. ஆனால் பதவிகளை வைத்து அவரை எடைபோட முடியாது. 2004 டிசம்பர் 16இல் வந்த, லண்டன் சிறை ஒன்றின் பெயரால் அறியப்படும் பெல்மார்ஷ் தீர்ப்பைத்தான் பார்க்க வேண்டும்.

அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் பிரபுக்கள் சபைக்குள்ளேதான் இருந்தது. வழக்கமாக ஐந்து பேர் அமர்வார்கள். இதற்கு ஒன்பது பேர். 2001ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி, சந்தேகத்துக்குரிய வெளிநாட்டவரை நாடு கடத்த முடியாவிட்டால் விசாரணையே இல்லாமல் காலவரையின்றி அடைத்து வைக்கலாம். சொந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்பினால் சித்திரவதை நேரும் என்பதால் அனுப்பவும் வழியில்லை.

நாட்டில் நெருக்கடி நிலை என்று சொல்லித்தான், ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையிலிருந்து ஓர் ஆணை மூலம் அரசு விலக்கு எடுத்திருந்தது. அந்த நெருக்கடி நிலை உண்டா இல்லையா என்ற கேள்வியில் பிங்காம் அரசோடு மோதவில்லை. அது அரசியல் தீர்மானம் என்று விட்டுவிட்டார். அங்கே மோதியிருந்தால் பெரும்பான்மை கிடைத்திருக்காது என்பது என் கணிப்பு. அவர் கைவைத்தது வேறிடத்தில்: அதே ஆபத்து பிரிட்டிஷ் குடிமக்களிடமிருந்தும் வருகிறதே, அவர்களை அடைக்காமலே சமாளிக்க முடிகிறது என்றால் வெளிநாட்டவரை மட்டும் அடைப்பது எப்படி அவசியமாகும்? போதாததற்கு, அடைபட்டவர் விரும்பினால் பிரான்சுக்குப் போய்விடலாம். அவ்வளவு ஆபத்தானவரைப் பக்கத்து நாட்டுக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக இருப்பார்களா?

எட்டுக்கு ஒன்று என்று தீர்ப்பானது. அந்த உரிமை விலக்கு ஆணை, அரசு பிறப்பித்த துணைச் சட்டம். அதை ரத்து செய்தார்கள். 23ஆம் பிரிவோ நாடாளுமன்றச் சட்டம். அதை ரத்து செய்ய பிரிட்டிஷ் நீதிபதிக்கு அதிகாரம் கிடையாது. மனித உரிமைக்கு ஒவ்வாதது என்று அறிவிக்க மட்டுமே முடியும். ஆகவே தீர்ப்புக்காகச் சிறைக் கதவு திறக்கவில்லை. 2005 மார்ச்சில் நாடாளுமன்றம் 'கட்டுப்பாட்டு ஆணை' என்ற புதிய முறையைக் கொண்டுவந்தது. குடிமகன், வெளிநாட்டவர் என்ற வேறுபாடு அதில் இல்லை. பாகுபாடு போனது; கெடுபிடி எல்லாருக்கும் பொதுவானது.

அதுவும் 2007இல் அவர் முன் வந்தது. நாளொன்றுக்கு 18 மணி நேரம் ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்குள் அடைத்தால் அது சிறைதான் என்று மூன்றுக்கு இரண்டு பேர் சொன்னார்கள். பிங்காம் அந்த மூவரில் ஒருவர். மூவரில் இன்னொருவரான பிரவுன் பிரபு 16 மணி நேரம் வரை சரி என்று கோடு கிழித்தார். பிங்காம் மணிக்கணக்கில் கோடு கிழிக்கவில்லை. அந்த மனிதரின் வாழ்க்கை மொத்தமாக என்னவாகிறது என்று பார்க்கச் சொன்னார்.