பாதயாத்திரையில் தண்ணீர்

நேயர்களுக்கு வணக்கம்.

நாள்கணக்கில் நடந்து ஒரு புனிதத் தலத்துக்குப் போகிறவர்களிடம், என்னவெல்லாம் எடுத்துக்கொண்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். செருப்பில் தொடங்கிப் போர்வை வரைக்கும் அடுக்குவார்கள். தண்ணீர்? "அது வழியில் கிடைக்கும்" என்பார்கள். கிடைக்கும்தான். எந்தத் தண்ணீர் கிடைக்கும், எத்தனை மணி நேர நடைக்கு ஒரு தடவை கிடைக்கும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. தாகம் எடுத்தபிறகு யோசித்தால் முடிவு தப்பாகத்தான் போகும். வெயிலில் நாலு மணி நேரம் நடந்து வந்தவர் கண்ணுக்கு எந்தத் தண்ணீரும் நல்ல தண்ணீர்தான். அதனால் தண்ணீரைப் பற்றிய முடிவுகளை முந்தின நாள் இரவே எடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

யாத்திரைப் பாதைகளை அமைத்தவர்கள் இதை நன்றாக உணர்ந்திருந்தார்கள். பாக்தாதை ஆண்ட கலீஃபா ஹாரூன் அல் ரஷீதின் மனைவி சுபைதா, இராக்கில் உள்ள கூஃபாவிலிருந்து மக்காவுக்குப் போகும் பாலைவனப் பாதையில் கிணறுகளும் நீர்த்தொட்டிகளும் கட்ட வைத்தார். அந்தப் பாதை இன்றைக்கும் அவர் பெயரால் 'தர்ப் சுபைதா' என்றே வழங்குகிறது. ஸ்பெயினில் சந்தியாகோ என்ற கிறித்தவத் தலத்துக்கு நடந்து போகிறவர்களுக்காக 12ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஒரு வழிகாட்டியில், எந்த ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கலாம், எதைத் தொடக்கூடாது என்பதற்குத் தனி அத்தியாயமே உண்டு. கூட்டம் சேரும் இடத்தில் தண்ணீர் கெட்டுப்போனால் என்ன ஆகும் என்பதையும் வரலாறு காட்டியிருக்கிறது. 1865 ஹஜ் பயணத்தின்போது மக்காவில் காலரா பரவியது. அது அங்கிருந்து ஐரோப்பா வரை போய்ச் சேர, மறு ஆண்டே கான்ஸ்டான்டிநோபிளில், அதாவது இன்றைய இஸ்தான்புல்லில், பல நாட்டுப் பிரதிநிதிகள் கூடி இதைப் பற்றிப் பேசவேண்டி வந்தது. 1867இல் ஹரித்வார் கும்பமேளாவிலும் அதே கதை. ஊர் திரும்பிய யாத்ரீகர்களோடு காலராவும் நடந்து போயிற்று.

சரி, முந்தின நாள் இரவு என்ன செய்வது? தங்கும் இடத்தில் எதிர்த்திசையிலிருந்து வந்தவர் யாராவது இருந்தால் அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் நீலப் புள்ளி இருக்கும், ஆனால் அந்த ஊற்று வற்றிப்போய் மாதக்கணக்கில் ஆகியிருக்கும். அன்று காலையில் அதைக் கடந்து வந்தவருக்குத்தான் அது தெரியும். உள்ளூர்க்காரரிடம் கேட்பதானால், "அங்கே தண்ணீர் இருக்கிறதா?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "நீங்கள் அதைக் குடிப்பீர்களா?" என்று கேளுங்கள். முகத்தைப் பார்த்தாலே பதில் தெரிந்துவிடும்.

தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்கிடுவதைவிட மணியில் கணக்கிடுவது நல்லது. மிதமான வெயிலில் நடக்கிறவருக்கு மணிக்கு அரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். கடும் வெயிலில், ஏற்றத்தில், இது ஒரு லிட்டர் வரைக்கும் போகும். நான் சொன்ன சந்தியாகோ பாதையிலேயே கர்ரியோன் என்ற ஊரைத் தாண்டினால் அடுத்த ஊருக்குச் சுமார் 17 கிலோமீட்டர். நடுவில் ஊர் இல்லை, நிழலும் சொற்பம். மணிக்கு நாலு கிலோமீட்டர் நடக்கிறவருக்கு அது நாலு மணி நேரத்துக்கும் மேல். குளிர்ந்த காலையில் 2 லிட்டர் போதும். கோடையில் 3 லிட்டராவது வேண்டும், வெயில் கடுமையானால் அதற்கு மேலும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. மூன்று கிலோவை முதுகில் ஏற்றினால் முழங்கால் கேட்கும். இதைத் தெரிந்துகொண்டுதான் முடிவெடுக்க வேண்டும். தேவையில்லாத இடத்திலும் நாலு லிட்டர் சுமப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். அரை மணிக்கு ஒரு குழாய் வருகிற பாதையில் ஒரு லிட்டருக்கு மேல் எதற்கு?

இன்னொன்று: நல்ல தண்ணீர் இருக்கும் இடத்திலேயே நின்று, அவசரப்படாமல் அரை லிட்டர் குடித்துவிட்டுப் பிறகு பாட்டிலை நிரப்புங்கள். வயிற்றில் இருப்பதை வெயில் சூடாக்காது, தோளும் வலிக்காது.

அப்புறம், எது நல்ல தண்ணீர்? தெளிவாக இருந்தால் நல்லது, ஓடினால் நல்லது, சில்லென்று இருந்தால் நல்லது: இந்த மூன்றையும் நம்பியே பலர் பேதியில் விழுகிறார்கள். கிருமி கண்ணுக்குத் தெரியாது. மேலே அரை கிலோமீட்டரில் ஓடைக்குள் ஒரு மாடு நிற்பதும் நமக்குத் தெரியாது. குளோரின் போட்டுக் குழாயில் வரும் ஊர்த் தண்ணீரை முதலில் தேடுங்கள். அடுத்தபடியாக, சுற்றிலும் சிமெண்டுத் தளம் போட்டு மூடிய அடிபம்பு. அதற்கும் அடுத்துத்தான் ஊற்று, அதுவும் பாறையிலிருந்து புறப்படும் இடத்திலேயே. திறந்த குளம், கால்வாய், வயலோரக் கிணறு எல்லாம் கடைசி. வயலோரத் தண்ணீரில் உரமும் பூச்சிமருந்தும் கலந்திருக்கலாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், மருந்து போகாது. தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய அது இன்னும் செறிவாகும்.

புண்ணிய தீர்த்தம் என்பது வேறு, குடிநீர் என்பது வேறு. ஆயிரக்கணக்கானோர் முங்கிக் குளித்த தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொள்ளுங்கள். பக்திக்கு அது போதும். வயிற்றுக்குக் கொதிக்க வைத்த தண்ணீரைக் கொடுங்கள்.

சுத்தம் செய்யும் முறைகளில் கொதிக்க வைப்பதற்கு ஈடு இல்லை. தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம் விட்டால் போதும். கடல்மட்டத்திலிருந்து 2000 மீட்டருக்கு மேல் போய்விட்டால் மூன்று நிமிடம். உயரம் ஏற ஏறத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், அதனால்தான் இந்தக் கூடுதல் நேரம். ஆனால் நடுவழியில் அடுப்பு ஏது? அங்கே குளோரின் மாத்திரைதான் துணை. பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுப்படி போட்டு, பொதுவாக அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். தண்ணீர் சில்லென்று இருந்தால் இன்னும் கூடுதல் நேரம். அந்த அரை மணிக்குள் எலுமிச்சையோ சுவைப்பொடியோ சேர்க்காதீர்கள். எலுமிச்சையில் உள்ள வைட்டமின் சி குளோரினைச் செயலிழக்க வைத்துவிடும். நேரம் முடிந்தபிறகு தாராளமாகப் பிழிந்துகொள்ளலாம், மருந்து வாடையும் போய்விடும். மாத்திரை போட்டுக் குலுக்கியதும் மூடியைக் கொஞ்சம் தளர்த்தி, பாட்டிலைச் சாய்த்து, அந்தத் தண்ணீர் கழுத்து மரையில் வழியும்படி விடுங்கள். நாம் வாய் வைக்கிற இடம் அதுதான், அங்கே பழைய தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும்.

கலங்கல் தண்ணீரில் மாத்திரை சரியாக வேலை செய்யாது. முதலில் தெளிய வைத்து, துணியில் வடிகட்ட வேண்டும். துணியில் வடிகட்டுவதை லேசாக நினைக்காதீர்கள். வங்கதேசத்துக் கிராமங்களில் பழைய சேலையை நாலாக மடித்து வடிகட்டிக் குடிக்கச் சொல்லிப் பார்த்தார்கள். காலரா ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது என்று நுண்ணுயிரியல் ஆய்வாளர் ரீட்டா கோல்வெல் குழுவினர் 2003இல் எழுதினார்கள். காலராக் கிருமி தண்ணீரில் இருக்கும் நுண்ணிய உயிரினங்களோடு ஒட்டியிருக்கும், அவை துணியில் மாட்டிக்கொள்ளும். புதுத் துணியைவிடப் பலமுறை துவைத்து நைந்த துணியே இதற்கு ஏற்றது. ஆனாலும் பாதி குறைந்தது என்றால் மீதிப் பாதி இருக்கிறது. ஆகவே துணியோடு நிறுத்திவிடாதீர்கள்.

கையில் எடுத்துச் செல்லும் நுண்குழல் வடிகட்டிகள் பாக்டீரியாவையும் ஒட்டுண்ணிகளையும் நிறுத்தும். வைரஸ் அதைவிடச் சிறியது, பெரும்பாலானவற்றில் நழுவிவிடும். ஒருமுறை நனைந்த வடிகட்டி பனியில் உறைந்துவிட்டால் உள்ளே குழல்கள் விரிசல் விடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. குளிர்ப் பிரதேசத்தில் இரவு அதைப் போர்வைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

பாத்திரம் எதுவாக இருக்கட்டும்? உறிஞ்சு குழாய் வைத்த தண்ணீர்ப்பை இப்போது பிரபலம். நடந்துகொண்டே குடிக்கலாம், வசதிதான். ஆனால் எவ்வளவு மீதி இருக்கிறது என்று தெரியாது, குழாய்க்குள் பூஞ்சை பிடித்தால் எடுப்பது பெரும்பாடு. எனக்கு இரண்டு சாதாரண பாட்டில்கள்தான் பிடிக்கும். ஒன்றில் குடிக்கத் தயாரான தண்ணீர். இன்னொன்றில் மாத்திரை போட்டுக் காத்திருக்கும் தண்ணீர், அதன் கழுத்தில் ஒரு கயிறு. கயிறு கட்டியதில் வாய் வைக்கக் கூடாது, அவ்வளவுதான் விதி. பாட்டிலை யாருக்குக் கொடுத்தாலும் அண்ணாந்து குடிக்கச் சொல்லுங்கள். கூட்டத்தில் நோய் பரவுவது ஊற்றிலிருந்து மட்டுமில்லை. ஒரே டம்ளரைப் பத்துப் பேர் தொட்டிக்குள் முக்கி எடுப்பதும், கழுவாத கையும் அதே வேலையைச் செய்யும்.

தண்ணீர் குறைவாகக் குடிப்பதன் ஆபத்து எல்லோருக்கும் தெரியும். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் உடல் கேட்கிறது என்று பொருள். வயதானவர்களுக்குத் தாக உணர்வே மந்தமாக இருக்கும், அவர்களுக்கு நேரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்துதான். வியர்வையில் உப்பு போய்க்கொண்டே இருக்க, வெறும் தண்ணீரையே மணிக்கு ஒன்றரை லிட்டர் என்று ஊற்றினால் ரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும். தலைவலி, குமட்டல், குழப்பமான பேச்சு வரும். பார்க்கிறவர்கள் நீர்ச்சத்து குறைந்துவிட்டது என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுப்பார்கள். ஒருவர் நிறையக் குடித்தும் இப்படி உளற ஆரம்பித்தால், மேலும் தண்ணீர் கொடுக்காமல் உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் தங்கள் அளவைக் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். நான் சொன்ன கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது.

இத்தனைக்கும் மேல் பேதி வந்துவிட்டால், அன்றைக்கு நடையை நிறுத்திவிடுங்கள். உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு மூன்று எப்போதும் பையில் இருக்கட்டும். இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பைக் கூட்டிவிடாதீர்கள், அது கெடுதல். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, மறுபடி மெதுவாக, சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், பல மணி நேரமாகச் சிறுநீரே வராமல் இருப்பது, இதில் ஒன்று இருந்தாலும் கரைசலை நம்பி உட்கார்ந்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். சாமி காத்திருப்பார்.

வணக்கம்.