பாட்டி தேர்ந்தெடுத்த பேத்தி

அவையோருக்கு வணக்கம்.

1200-ஆம் ஆண்டின் தொடக்கம். எண்பதை நெருங்கிய ஒரு மூதாட்டி பைரனீஸ் மலையைத் தாண்டி ஸ்பெயினுக்குப் போகிறாள். அக்கிட்டேனின் எலினோர். பிரான்ஸ் அரசனை மணந்து, விலகி, இங்கிலாந்து அரசனையும் மணந்தவள். இப்போது இரண்டு நாடுகளும் சமாதானம் பேசுகின்றன. அதை உறுதிசெய்ய பிரான்ஸ் இளவரசன் லூயிக்கு ஒரு பெண் வேண்டும். அங்கே காஸ்டீல் நாட்டில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டில் பேத்திகள் இருக்கிறார்கள். பெண்ணை அழைத்துவரப் பாட்டியே கிளம்பிவிட்டாள்.

பேச்சு அடிபட்டது அக்காள் உர்ராகாவுக்கு. பாட்டி கூட்டிவந்ததோ தங்கை பிளாங்காவை. உர்ராகா என்ற பெயர் பிரெஞ்சுக்காரர் வாயில் நுழையாது என்று தட்டிக்கழித்ததாக ஒரு கதை உண்டு. எனக்கு நம்பிக்கையில்லை. ஆயுள் முழுக்க அரசவைகளில் அடிபட்டுத் தேறிய கிழவி, பெயரையா பார்த்திருப்பாள்?

பிளாங்கா பிரான்ஸில் பிளான்ஷ் ஆனாள். வயது 12. மாப்பிள்ளைக்கும் 12. சீர் செய்தது யார் தெரியுமா? தாய்மாமன்! இங்கிலாந்து மன்னன் ஜான், பெரி வட்டாரத்தில் சில நிலங்களை எழுதிக்கொடுத்தான். மாமனார் பிலிப் கட்டிய மனைவியைத் தள்ளிவைத்திருந்தார். அதற்குத் தண்டனையாகப் போப் பிரான்ஸ் முழுவதும் தேவாலய வழிபாட்டுக்கே தடை போட்டிருந்தார். அதனால் கல்யாணத்தை ஜானின் ஆட்சியிலிருந்த நார்மண்டிக்குப் போய் முடிக்கவேண்டி வந்தது.

26 ஆண்டுகள் கழித்து, 1226 நவம்பர் 8 அன்று, கணவன் எட்டாம் லூயி தெற்கே படையெடுத்துத் திரும்பும் வழியில் இறந்துபோனான். பட்டத்துக்குரிய மகன் ஒன்பதாம் லூயிக்கு 12 வயது. நாட்டையும் பிள்ளைகளையும் மனைவி பொறுப்பில் விட்டதாக, கடைசி நேரத்தில் அருகில் இருந்த மூன்று ஆயர்கள் (பிஷப்புகள்) சாட்சி எழுதிக்கொடுத்தார்கள். அந்தக் கடிதம்தான் அவளுடைய அதிகாரத்துக்கு ஆதாரம். அவள் காத்திருக்கவில்லை. மூன்றே வாரத்தில், நவம்பர் 29 அன்று, ரைம்ஸில் மகனுக்கு முடிசூட்டிவிட்டாள்.

பிரபுக்கள் சும்மா இருப்பார்களா? வெளிநாட்டுக்காரி, பொம்பளை என்று கிளம்பினார்கள். ஷாம்பேன் பிரபு திபோவோடு சேர்த்துக் கதை கட்டினார்கள். போப்பின் தூதரையும் விடவில்லை. ஒருமுறை தாயும் மகனும் மோன்லேரி கோட்டையில் மாட்டிக்கொண்டார்கள். பாரிசுக்குச் செய்தி போனது. நகரமே எழுந்து வந்தது. கோட்டையிலிருந்து பாரிஸ் வரை, ஆயுதம் எடுத்தவரும் வெறுங்கையருமாகச் சாலை நெடுக ஜனங்கள், இளம் அரசன் நீடூழி வாழ வேண்டுமென்று கூவிக்கொண்டு நின்றார்கள். இதை அந்த அரசனே பின்னாளில், தன் வரலாற்றை எழுதிய ஜுவான்வில் பிரபுவிடம் சொல்லியிருக்கிறான்.

ஆனால் அவளுடைய பெரிய வெற்றி போர்க்களத்தில் இல்லை, ஒரு சம்பந்தத்தில் இருக்கிறது. 1229-இல், தெற்கே பிரான்ஸ் அரசோடு போரிட்டுவந்த துலூஸ் பிரபு ரேமோன் பணிந்தார். அவர் பிளான்ஷுக்குச் சின்னம்மா மகன். இருவருக்கும் அதே எலினோர்தான் பாட்டி. அவருடைய ஒரே மகள் ழான், ஏறக்குறைய ஒன்பது வயதுச் சிறுமி. அவளைத் தன் மகன் அல்போன்சுக்கு நிச்சயம் செய்து, பிரெஞ்சு அரண்மனைக்கே வளர்க்கக் கொண்டுவந்தாள். ஒப்பந்தத்தில் ஒரு வரி: ரேமோனுக்குப் பின் நாடு மகளுக்கும் மருமகனுக்கும், அவர்களுக்கு வாரிசு இல்லையென்றால் பிரான்ஸ் அரசுக்கு. 1271-இல் இருவரும் பிள்ளையில்லாமல் சில நாள் இடைவெளியில் இறந்தார்கள். துலூஸ் பிரான்ஸானது. பிளான்ஷ் மறைந்தே 19 ஆண்டு ஆகியிருந்தது. தன்னை எப்படிக் கொண்டுவந்தார்களோ, அப்படியே இன்னொரு சிறுமியை அவள் கொண்டுவந்தாள். அதை நினைத்தால் எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

மாமியாராக எப்படி? (சிரிப்பு.) மருமகள் மார்கரெட் 1234-இல் வந்தாள். போந்துவாஸ் அரண்மனையில் மேலே ராஜாவின் அறை, கீழே ராணியின் அறை. இளந்தம்பதி நடுவிலிருந்த சுழல்படியில் சந்தித்துப் பேசுவார்களாம். அம்மா வருவது தெரிந்தால் காவலாளி கோலால் கதவைத் தட்டுவான். அவரவர் அறைக்கு ஓடிவிடுவார்கள்.

1248-இல் மகன் சிலுவைப் போருக்குப் போனபோது, அறுபது வயதில் மறுபடியும் ராஜ்ஜியம் அவள் கையில். 1252 நவம்பரில் இறந்தாள். புனித பூமியில் இருந்த மகனுக்குச் செய்தி எட்டப் பல மாதம் ஆனது. மார்கரெட் தேம்பி அழுதாள். “உங்களுக்கு ஆகவே ஆகாத மாமியாருக்கா இந்த அழுகை?” என்று ஜுவான்வில் கேட்டேவிட்டார். அவளுக்காக அழவில்லை என்றாள் மார்கரெட். கணவன் படும் துக்கத்துக்காகவும், பிரான்ஸில் விட்டுவந்த தன் மகள் இனி ஆண்கள் பொறுப்பில் வளரவேண்டுமே என்பதற்காகவும் அழுகிறேன் என்றாளாம்.