கோயிலிலா, குசினியிலா?

நடுவர் அவர்களே, மேடையில் இருக்கும் இரண்டு அணியினரே, மழையையும் பார்க்காமல் கொட்டாஞ்சேனைக்கு வந்து மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்திருப்பவர்களே, இடம் கிடைக்காமல் நிகழ்ச்சி நிரலால் விசிறிக்கொண்டிருப்பவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

கிறிஸ்தவ அப்பா ஒருவரின் விசுவாசத்தை அவருடைய பிள்ளை கண்டுகொள்வது கோயிலிலா, குசினியிலா? இதுதான் தலைப்பு. நான் குசினி அணி, சமையலறைக் கட்சி. என் பெயரை இந்த அணியில் போட்டிருக்கிறார்கள் என்று வீட்டில் சொன்னபோது மனைவி அரை நிமிடம் ஒன்றும் பேசவில்லை, பிறகு "குசினி எந்தப் பக்கம் இருக்குதெண்டு தெரியுமோ?" என்று மட்டும் கேட்டார். இப்போது மூன்றாவது வரிசையில் இருக்கிறார், அதனால் பொய் சொல்ல வழியில்லை.

முதலில் டீச்சருக்கு வருகிறேன். எதிரணியில் அழகாகப் பேசினார். சின்ன வயதில் செவ்வாய்க்கிழமைகளில் அவருடைய அப்பா அவரைத் தோளில் ஏற்றிக்கொண்டு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போவாராம், கூட்டத்துக்கு மேலால் மெழுகுதிரி வெளிச்சத்தைக் காட்டுவாராம், அப்பாவின் விசுவாசத்தை அங்கேதான் கண்டேன் என்றார். எனக்கும் கண் கலங்கியது. ஆனால் டீச்சர், உங்கள் கதையில் இன்னொரு இடம் இருக்கிறது, அதை வேகமாகச் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் இடமில்லை, நீங்கள் தூங்கிவிட்டீர்கள், ஒரு கையால் உங்களைத் தாங்கி மறு கையால் கம்பியைப் பிடித்தபடி முகத்துவாரம் வரைக்கும் அப்பா நின்றுகொண்டே வந்தார் என்றீர்களே, அது கோயிலா? அது பஸ். பஸ் எங்கள் கட்சி.

குசினி என்றால் அடுப்பு மட்டும்தான் என்று எதிரணி நினைத்துக்கொண்டிருக்கிறது. வேதாகமத்தில் உபாகமம் ஆறாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். இந்த வார்த்தைகளைப் பிள்ளைகளுக்குப் போதி என்று சொல்லிவிட்டு, எப்போது, எங்கே என்றும் சொல்கிறது: வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழும்பும்போது. அந்த வரியில் வீடு இருக்கிறது, ரோட்டு இருக்கிறது, பாய் இருக்கிறது. கோயில் இல்லை. நான் ஒளித்துவிட்டுப் பேசவில்லை, வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.

அப்புறம் இரண்டாவதாகப் பேசிய அண்ணன். லூக்கா நற்செய்தியைக் கொண்டுவந்தார். சூசையப்பர் வருடாவருடம் குடும்பத்தோடு எருசலேம் ஆலயத்துக்குப் போனார், பன்னிரண்டு வயதில் இயேசுவையும் கூட்டிக்கொண்டு போனார், ஆகவே அப்பாவின் விசுவாசம் தெரிந்த இடம் ஆலயம் என்றார். (மெதடிஸ்த, அங்கிலிக்கன் சபைகளிலிருந்து வந்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: நாங்கள் சூசையப்பர் என்பதும் நீங்கள் யோசேப்பு என்பதும் ஒரே ஆள்தான், இதற்குத் தனிப் பட்டிமன்றம் வேண்டாம்.) அண்ணன், அந்த அதிகாரத்தை முழுக்க வாசித்தீர்களா? கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போன இடத்தில்தானே பிள்ளையைத் தொலைத்தார்கள்! மூன்று நாளைக்குப் பிறகு கண்டுபிடித்தார்கள். அதற்கு அடுத்து என்ன எழுதியிருக்கிறது? அவர் அவர்களோடு நாசரேத்துக்குப் போய் அவர்களுக்குக் கீழ்ப்படிந்திருந்தார், ஞானத்திலும் வளர்த்தியிலும் பெருகினார் என்று. வளர்ந்தது நாசரேத்தில், ஒரு தச்சனுடைய வீட்டில், மரத்தூளுக்கு நடுவில்.

அந்தத் தச்சன் பேசியதாக நாலு நற்செய்தியிலும் ஒரு சொல் கிடையாது. தேடிப் பார்க்கலாம். கனவு வரும், எழும்புவார், சொன்னதைச் செய்வார். இரவோடு இரவாகப் பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போனவர், போகிற வழியில் என்ன சொன்னார் என்றுகூட யாரும் எழுதி வைக்கவில்லை. (வீட்டில் வாயே திறக்காத அப்பாமார் இதை ஒரு சாட்டாக எடுக்க வேண்டாம். அவர் பேசாமல் செய்தார், நாங்கள் பேசாமல் போனைப் பார்க்கிறோம்.)

கோயிலிலேயே குடியிருந்த அப்பா ஒருவரும் வேதாகமத்தில் இருக்கிறார், ஏலி. சீலோவில் ஆசாரியர். ஆலயத்துத் தூணருகே ஆசனம் போட்டு உட்கார்ந்திருந்தவர். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் வேலையும் அங்கேதான். கோயிலில் பார்த்தால் போதும் என்றால் அந்தப் பையன்களைப் போலக் கொடுத்து வைத்தவர்கள் யார்? ஆனால் பலி கொடுக்க வந்த சனத்தின் இறைச்சி பானையில் வேகும்போது, மூன்று கூருள்ள ஆயுதம் ஒன்றைப் பானைக்குள் குத்தி அதில் வந்ததையெல்லாம் எடுத்துக்கொள்கிற வழக்கத்தை அங்கே நடத்திக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்தான். ஏலி கண்டித்தார், ஆனால் காலம் போன பிறகு, அதுவும் வாயால் மட்டும். அடக்காமற்போனான் என்பதுதான் அவர்மேல் வந்த குற்றச்சாட்டு.

சரி, வேதாகமத்தை விட்டு எங்கள் நாட்டுக்கே வருவோம், ஏனென்றால் எனக்குப் பெரிய சாட்சி இங்கேதான் இருக்கிறது. 1656ல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைப் பிடித்தார்கள், 1658ல் யாழ்ப்பாணத்தை. கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை வந்தது, கோயில்கள் கைமாறின. (ஒல்லாந்தர் 1757ல் முடித்த வுல்வெண்டால் தேவாலயம் இங்கிருந்து நடக்கிற தூரம்தான். அழகான கட்டடம், பழைய கோபம் எதுவும் இல்லை.) ஜோசப் வாஸ் அடிகளார் கோவாவிலிருந்து யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கியது 1687ல். கணக்குப் போடுங்கள், ஏறக்குறைய முப்பது வருடம். பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் கேட்க ஆள் இல்லை. கலியாணம் கட்டி, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளையும் கலியாண வயதுக்கு வருகிற அளவு காலம். அடிகளார் வந்ததும் கோயிலைத் தேடிப் போகவில்லை, போக முடியாது. பிச்சைக்காரர் கோலத்தில், கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு, வீடு வீடாகப் போய் நின்றார். செபமாலையைக் கண்டு எந்த வீட்டுக்காரரின் முகம் மாறுகிறது என்று பார்த்தார். முகங்கள் மாறின. கோயிலைக் கண்ணால் பார்க்காமல் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தச் செபமாலை என்னவென்று யார் சொல்லிக்கொடுத்தது? வீட்டில், கதவைச் சாத்திவிட்டு, தாயும் தகப்பனும்தான்.

2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் ஜோசப் வாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்தபோது, முதல் நாள் இரவே போய் நின்ற சனத்தில் நானும் ஒருவன். மகனுக்கு அப்போது ஆறு வயது. அவனுக்கு அந்த நாளில் என்ன ஞாபகம் இருக்கிறது என்று போன கிழமை கேட்டேன். பாப்பரசர் தூரத்தில் வெள்ளையாகத் தெரிந்தாராம். விடியப்புறம் கடற்காற்றில் குளிர்ந்தபோது நான் என் சேர்ட்டைக் கழற்றி அவனைச் சுற்றிவிட்டு பெனியனோடு இருந்தேனாம், அது நன்றாக ஞாபகமாம். எனக்கு அது ஞாபகமே இல்லை.

கோயில் மூடின காலத்தை நாங்களும் பார்த்துவிட்டோம். கோயில்களில் குண்டு வெடித்த அந்த 2019 ஏப்ரல் 21 பற்றி இந்த மண்டபத்தில் நான் விளக்கத் தேவையில்லை. அடுத்த ஞாயிறு எங்கேயும் பூசை இல்லை, கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை தம் இல்லத்தில் ஒப்புக்கொடுத்த பூசையைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அந்தக் கிழமை மகன் என்னிடம் கேட்டான், "அப்பா, இனிக் கோயிலுக்குப் போனா செத்துப்போவமா?" பத்து வயதுப் பிள்ளை. என்னிடம் அதற்குப் பிரசங்கம் எதுவும் இருக்கவில்லை. அன்று இரவு நாலு பேரும் ஒரே அறையில் பாய் போட்டுப் படுத்தோம், அவன் தூங்கும்வரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

இப்போது எதிரணியின் பலமான கேள்வி. மூன்றாவதாகப் பேசிய மெதடிஸ்தத் தம்பி கேட்டது. "வீட்டில் நல்ல அப்பாவாக இருப்பது நல்ல குணம், அது விசுவாசம் ஆகாது, கடவுளே இல்லை என்பவரும் பாத்திரம் கழுவுவார்" என்றார். நியாயமான கேள்வி, கைதட்டலும் வாங்கினார். தம்பிக்கு அவர் பக்கத்து ஆளையே, ஒரு புரட்டஸ்தாந்துக்காரரையே சாட்சிக்குக் கூப்பிடுகிறேன். மார்ட்டின் லூத்தர் 1522ல் திருமணத்தைப் பற்றி எழுதும்போது சொல்கிறார்: ஒரு தகப்பன் பிள்ளையின் பீத்துணியைக் கழுவினால் ஊர் அவனைப் பெண்பிள்ளை என்று கேலி செய்யும், ஆனால் கடவுள் தம் தூதர்கள் எல்லோரோடும் அவனைப் பார்த்து மகிழ்ந்து சிரிப்பார், அவன் துணி கழுவுவதற்காக அல்ல, அதை விசுவாசத்தோடு செய்வதற்காக. (லூத்தருக்குக் கலியாணம் நடந்தது 1525ல். துணி கழுவ முன்னமே எழுதிவிட்டார். அதுவும் ஒருவகை விசுவாசம்தான்.) அதாவது தம்பி, வேலை ஒன்றுதான், அது எங்கிருந்து வருகிறது என்பதில்தான் விசயம், அதைக் கண்டுபிடிப்பதில் பிள்ளைகளை விடக் கெட்டிக்காரர் கிடையாது.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று சொல்கிறேன், இது எனக்கு வெட்கமான கதை. மகள் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்த வருடம். அந்தப் பரீட்சை வந்த வீட்டில் பிள்ளையை விட அப்பா அம்மாதான் பரீட்சை எழுதுகிறார்கள், உங்களுக்குத் தெரியும். ஒரு நாள் மாதிரி வினாத்தாளில் புள்ளி குறைந்துவிட்டது, நான் கத்தினேன், சாதாரணக் கத்தல் இல்லை, பக்கத்து வீட்டு ஜன்னல் மூடுகிற அளவுக்கு. பத்து நிமிடத்தில் செப நேரம். எட்டு மணி என்றால் எட்டு மணி, நான் ஒழுங்கான கத்தோலிக்கன். முழந்தாளில் நின்று "எங்கள் தந்தையே" என்று ஆரம்பித்தேன். எல்லோரும் சொல்லிக்கொண்டு வருகிறோம், எங்களுக்குத் தீமை செய்தவரை நாங்கள் பொறுப்பதுபோல என்ற வரி வந்தது. மகளின் சத்தம் நின்றுவிட்டது. அழவில்லை, கோபமும் காட்டவில்லை. அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டு அடுத்த வரியில் சேர்ந்துகொண்டாள்.

ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தந்தை என்ற சொல்லுக்கு வேறு என்ன படம் இருக்கிறது? கெத்செமனேயில் இயேசு தம் அரமேய மொழியில் கூப்பிட்ட சொல் தமிழ் வேதாகமத்தில் "அப்பா, பிதாவே" என்றுதான் நிற்கிறது, அந்த முதல் சொல்லைத் தமிழாக்க யாருக்கும் வேலையே இருக்கவில்லை. அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவளுக்கு முன்னால் சாரத்தோடு முழந்தாளில் நிற்பது நான், சற்று முன் கத்தின நான்.

செபம் முடிந்து அவள் குசினியில் தனியே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். போய்ப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, "அப்பா பிழை விட்டுட்டன், மன்னிச்சுக்கொள்ளம்மா" என்றேன். இந்த வசனத்தைப் பிள்ளையிடம் சொல்ல எவ்வளவு கஷ்டம் என்று இங்கே இருக்கிற அப்பாமாருக்குத் தெரியும், என் அப்பா என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை, அவருடைய அப்பா அவரிடம் சொல்லியிருக்கவே மாட்டார். அவள் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "சரி. பொரிச்ச மீன் இன்னும் இருக்கா?" என்றாள். பாதர் அவர்களே, கோபிக்க வேண்டாம், இவ்வளவு லேசாக எனக்குப் பாவமன்னிப்பு எங்கேயும் கிடைத்ததில்லை. அன்றிலிருந்து பாத்திரம் கழுவுவதில் எனக்கும் ஒரு முறை வந்தது, தண்டனையா பரிசா என்று இன்னும் தெரியவில்லை.

முதல் மணி அடித்துவிட்டீர்கள். இன்னும் இரண்டு நிமிடம் தாருங்கள், இதைச் சொல்லாமல் இறங்கமாட்டேன்.

2022. மார்ச் கடைசியில் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு, காஸ் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை லொறி வரப்போகிறது என்று கதை அடிபட்டது, விடிய ஐந்தரைக்கு நானும் மகனும் வெறும் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போய் வரிசையில் நின்றோம். கோயில் மணி கேட்டது, போகவில்லை. போனால் இடம் போய்விடும். எட்டரைக்கு லொறி வந்தது, வந்தால் அதில் எனக்குத் தெரிந்த பெடியன். "அண்ணன், பின்பக்கமா வாங்கோ, ஒண்டு எடுத்துத் தாறன்" என்று காதுக்குள் சொன்னான். நடுவர் அவர்களே, நான் ஓரடி வைத்துவிட்டேன், உண்மையைச் சொல்ல வேண்டும். திரும்பிப் பார்த்தால் மகன் பார்த்துக்கொண்டு நிற்கிறான். என் நல்ல குணத்தால் இல்லை, அவன் பார்வையால்தான் திரும்பி வந்து வரிசையில் நின்றேன். எங்களுக்கு முன்னால் எட்டுப் பேர் இருக்கும்போது சிலிண்டர் முடிந்தது. அன்று பூசையும் இல்லை, காஸும் இல்லை. பின்வளவில் மூன்று கல் வைத்து விறகில் சோறு ஆக்கினோம், பாதி வெந்தது.

அந்தத் தவக்காலத்தில் கோயிலில் கேட்ட பிரசங்கம் ஒன்றை அவனிடம் கேளுங்கள், தலையைச் சொறிவான். அந்தச் சோற்றைக் கேளுங்கள், இன்றைக்கும் சொல்வான். எப்படிச் சொல்வான் தெரியுமா? "அப்பா அண்டைக்குப் போயிருந்தா நல்ல சோறு சாப்பிட்டிருப்பம்" என்று சிரித்துக்கொண்டு சொல்வான், பிறகு தன் சிநேகிதர்களிடம் அதே கதையை வேறு மாதிரி, கொஞ்சம் பெருமையாகச் சொல்வான். இரண்டையும் நான் கேட்டிருக்கிறேன்.

கோயில் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவன்தான் நான், நாளைக்கும் போவேன். ஆனால் அங்கே நான் நல்ல சேர்ட் போட்டிருப்பேன், தலை வாரியிருப்பேன், பக்கத்தில் இருப்பவருக்குச் சமாதானம் சொல்லிக் கைகொடுப்பேன். எதிரணி அப்பாமாரே, அந்த ஒரு மணித்தியாலத்தில் உங்களை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. மிச்சம் நூற்று அறுபத்தேழு மணித்தியாலத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிற ஆளிடம் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது மணியும் அடித்துவிட்டது. தீர்ப்பு எந்தப் பக்கம் வந்தாலும், நடுவர் அவர்களே, கொஞ்சம் வேளைக்குச் சொல்லிவிடுங்கள். இன்றைக்குப் பாத்திரம் என்னுடைய முறை, தொட்டி நிறையப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன், மூன்றாவது வரிசையிலிருந்து ஒருவர் மணிக்கூட்டைக் காட்டுகிறார்.