துட்டைப் புளி போட்டுத் துலக்காதீர்கள்

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் நாணயம் சேர்ப்பவர்கள் கூடிய ஒரு மாலையில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். மேசையில் இரண்டு துட்டு வைத்திருக்கிறேன். பிரெஞ்சுக்காரர் காலத்துப் புதுச்சேரித் துட்டு, செப்புக் காசு. ஒரு பக்கம் லில்லிப் பூ, மறுபக்கம் தமிழிலேயே ஊர்ப்பெயர். ஒன்றில் 'புது' வரைக்கும்தான் தெரிகிறது, மிச்சம் தேய்ந்துவிட்டது. நிறம் வறுத்த காபிக்கொட்டை. இன்னொன்றில் எழுத்தெல்லாம் முழுசாக இருக்கிறது, பூஜைக்குத் துலக்கிய செம்பு மாதிரி மின்னுகிறது. எது உசத்தி என்று கேட்டதும் பலர் மின்னுவதைத்தான் காட்டினீர்கள்.

தேய்மானம் வேறு, சேதம் வேறு. கை மாறிக் கை மாறித் தேய்ந்தது அந்தக் காசு வாழ்ந்த வாழ்க்கை. காசின் நிலையைப் பார்த்துப் போடும் தரமதிப்பில், அதாவது கிரேடில், அதற்கு இடம் உண்டு. இன்று எல்லாரும் சொல்லும் 70 புள்ளி அளவுகோலே 1949இல் அமெரிக்கச் செப்புக் காசுகளுக்காக வந்ததுதான். தேய்ந்த துட்டுக்கு அதில் சின்ன எண்தான் கிடைக்கும், ஆனாலும் எண் கிடைக்கும். துலக்கியதற்குக் கிரேடிங் நிறுவனங்கள் பொதுவாக எண்ணே தருவதில்லை. 'டீடெய்ல்ஸ்' என்று எழுதி, சுத்தம் செய்யப்பட்டது என்று காரணமும் போட்டுவிடுவார்கள்.

ஏன் இவ்வளவு கறார்? அந்த மின்னும் துட்டை லென்ஸ் வைத்துப் பாருங்கள். பரப்பு முழுக்க ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள். எழுத்துகளின் இடுக்கில் மட்டும் பழைய பழுப்பு ஒட்டியிருக்கிறது. மேட்டில் இருப்பது பச்சைக் குழந்தையின் தோல் மாதிரி ஒரு இளஞ்சிவப்பு. நாணயச்சாலையிலிருந்து வந்த செம்புக்கு அந்த நிறம் கிடையாது. புளியின் அமிலம் பழுப்பை மட்டும் கரைத்தது, தேய்த்த கை மேலாக இருந்த உலோகத்தையும் சேர்த்து எடுத்துவிட்டது. அது திரும்பி வராது. பாத்திரத்துக்குச் செய்ததைக் காசுக்கும் செய்தார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார்கள், அதனால்தான் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது.

அப்புறம் களிம்பு, அதாவது செம்பில் பிடிக்கும் பச்சை. உயிரோடு ஒட்டிய அழுக்கான ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்தம் சொல்லும் உவமையே செம்பில் களிம்புதான், கூடவே பிறந்தது என்று. ஆனால் பச்சையெல்லாம் ஒன்றல்ல. மண்ணில் கிடந்த காசில் கெட்டியாக, வழவழப்பாகப் படிந்த கரும்பச்சை பெரும்பாலும் அப்படியே நிற்கும். பயப்பட வேண்டியது வெளிர்பச்சைப் பொடி. உப்பின் குளோரைடு செம்புக்குள் உட்கார்ந்துகொண்டு, ஈரமும் காற்றும் பட்டால் அரித்துக்கொண்டே போகும், குழி விழும். நம் ஊர்க் கடல்காற்றில் பீரோவைத் திறந்து வைத்தாலே போதும்.

கடலுக்கடியில் கிடந்தவற்றையும் சொல்ல வேண்டும். மதராசுக்காக இங்கிலாந்தில் அச்சிட்ட 1808ஆம் வருடப் பத்துக் காசு, இருபது காசு நாணயங்களோடு 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரமே மூழ்கியது. 1980களில் அவற்றை அள்ளி எடுத்தார்கள். ஒரே அச்சு, ஒரே கப்பல்; ஆனால் சிலவற்றில் எழுத்து கூர்மையாக இருக்கிறது, சிலவற்றை உப்பு தின்று மேலெல்லாம் சொறி. இப்படிப்பட்ட காசுக்கு முதலில் எழுத்தின் கூர்மையைப் பார்த்து ஒரு கிரேடு போட்டு, பிறகு சேதத்துக்காகக் கழிப்பது பழைய செப்புக்காசுக்காரர்களின் வழக்கம். எனக்கு அதுதான் நியாயமாகப் படுகிறது.

காசில் ஓட்டை இருந்தால் கிரேடில் கழிக்க வேண்டுமா என்று கேட்டீர்கள். மாலை கோக்கத் துளைத்தது சேதம். ஆனால் 1943 முதல் 1947 வரை வந்த ஓட்டைக் காலணாவுக்குத் துளை பிறப்பிலேயே உண்டு. அதற்குக் கழிக்கக் கூடாது.

சரி, அழுக்கு இருந்தால்? காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போடுங்கள். எண்ணெய்ப் பிசுக்குக்கு அசிட்டோன், ஜன்னலைத் திறந்து வைத்து, பக்கத்தில் நெருப்பு இல்லாமல். பிவிசி பிளாஸ்டிக் உறை வேண்டாம், அதுவே பச்சைப் பிசின் விடும். டப்பாவில் ஈரம் உறிஞ்ச ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள்.

இப்போது இரண்டு துட்டையும் சுற்றுக்கு விடுகிறேன். விரல் வியர்வையிலும் உப்பு உண்டு, அதனால் விளிம்பை மட்டும் பிடியுங்கள். லென்ஸும் கூடவே வரும். துலக்கியதை விளக்குக்குக் கீழே கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள், கீறல் தெரியும்.