கோல் வராத நாளிலும் டோரஸ்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். ஸ்பெயின் கால்பந்து வீரர் ஃபெர்னாண்டோ டோரஸின் புகழுக்குக் காரணம் அவர் அடித்த கோல்களா, ரசிகர்களின் அன்பா என்பது வழக்கு. அன்பே என்று வாதிட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் சற்று முன் ஒரு போடு போட்டார்: “2011 ஜனவரியில் லண்டன் அணியான செல்சி ஐந்து கோடி பவுண்டு கொட்டி வாங்கிய மனிதர் 903 நிமிடங்கள் கோலே இல்லாமல் ஓடினாரே, அப்போது உங்கள் அன்பு லண்டனில் எந்தச் சந்தில் ஒளிந்திருந்தது?” அவை கைதட்டியது, நானும் தட்டினேன்.

சந்தில் இல்லை ஐயா, செல்சியின் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் மைதானத்தில் மழையில் நனைந்துகொண்டிருந்தது! ஏப்ரல் 23 அன்று வெஸ்ட் ஹாமுக்கு எதிரான ஆட்டத்தில் செல்சி ஏற்கெனவே முன்னிலையில் இருந்தது. தேங்கிய நீரில் பந்து சட்டென்று நிற்க, டோரஸ் திரும்பி உதைத்தார்; கோல். சக வீரர்கள் ஓடிவந்து அவர்மேல் குவியலாக விழுந்தார்கள். வெற்றி கையில் இருந்த ஆட்டத்தின் இரண்டாவது கோலுக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்? அது கோலுக்கா, அடித்தவருக்கா?

எதிரணி சொல்ல மறந்த இன்னொரு குற்றத்தையும் நானே எடுத்துக் கொடுக்கிறேன். அதே ஆண்டு செப்டம்பரில், மான்செஸ்டர் யுனைடெட் அணியின் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில், அவர்களுடைய கோல்கீப்பர் டி ஹேயாவை அழகாக ஏமாற்றிக் கடந்தார் டோரஸ். எதிரே கோல்வாய் திறந்து கிடந்தது. பந்தை வெளியே அடித்தார்! உலகமே சிரித்தது.

ஏழு மாதம் கழித்து, பார்சிலோனா அணியின் கேம்ப் நூ மைதானம். ஐரோப்பிய அணிகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி. அணித்தலைவர் டெர்ரி வெளியேற்றப்பட்டதால் செல்சிக்குப் பத்தே பேர். இன்னொரு கோல் வாங்கினால் கதை முடிந்தது. பதிலி வீரராக வந்த டோரஸிடம், ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில், பின்களத்திலிருந்து தூக்கி அடித்த பந்து வந்து சேர்கிறது. பாதி மைதானம் காலி. எதிரே கோல்கீப்பர் வால்டெஸ் ஒருவர்தான். அவரையும் ஏமாற்றிக் கடக்கிறார். நடுவர் அவர்களே, இங்கே சற்று நிற்க வேண்டும். மறுபடியும் கோல்கீப்பரைக் கடந்தாயிற்று, மறுபடியும் எதிரே திறந்த கோல்வாய்! தொலைக்காட்சி முன் இருந்த செல்சி ரசிகர்களில் எத்தனை பேர் அந்த நொடியில் கண்ணை மூடியிருப்பார்கள்? இம்முறை பந்து உள்ளே போனது. செல்சி ஏற்கெனவே முன்னேறும் கணக்கில்தான் இருந்தது. ஆனாலும் அந்த ஆட்டம் என்றால் இன்றும் பலர் முதலில் சொல்வது அந்தக் கோலைத்தான்.

2008 யூரோ கோப்பை இறுதியில், ஸ்பெயினுக்காக, ஜெர்மனியை வீழ்த்திய ஒரே கோல் அவருடையது என்று எதிரணி பெருமையோடு சொன்னது. மறுக்கவில்லை. ஆனால் செல்சிக்குப் பின் இத்தாலியின் ஏசி மிலான் அணியில் அரைப் பருவம் ஆடி ஒரே ஒரு கோலோடு திரும்பியவரை வரவேற்க, 2015 ஜனவரியில், ஆட்டமே இல்லாத நாளில், அவருடைய முதல் அணியான அட்லெடிகோ மட்ரிட்டின் விசென்டே கால்டெரோன் மைதானத்தில் ஏறத்தாழ 45,000 பேர் கூடினார்களே, அது எந்தக் கோலுக்காக? பத்தொன்பது வயதில் தங்கள் அணித்தலைவனான பிள்ளை வீடு திரும்பினான் என்பதற்காக அல்லவா?

செல்சிக்கு முன் அவர் ஆடிய லிவர்பூலையும் பாருங்கள். அவர் செல்சிக்குப் போனபோது அவருடைய சட்டையைத் தீயிட்டவர்கள் அந்த ஊர்க்காரர்கள். வேண்டியவன் விட்டுப் போனால்தான் அப்படி வயிறு எரியும். அதே 2015 மார்ச்சில், லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானத்தில் நடந்த நன்கொடை ஆட்டத்தில் அவர் களமிறங்கியபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. ஆட்டம் 2-2 என்று முடிந்தது. அந்த நான்கில் டோரஸ் அடித்தது ஒன்றுகூட இல்லை. தீர்ப்பு உங்களுடையது, நடுவர் அவர்களே.