அம்மாவின் கோலத்தில் எத்தனை புள்ளி?

எல்லோருக்கும் வணக்கம். பின்னால் கேட்கிற இரைச்சல் டிராக்டர். கல்லணை திறந்து நான்கு நாளாகிறது, குடமுருட்டியில் தண்ணீர் வந்துவிட்டது. குறுவைக்குச் சேற்றுழவு ஓடுகிற நேரத்தில் எங்கள் தெருவில் என் பேச்சைக் கேட்க ஆள் கிடையாது. அதனால் உங்களிடம் வந்துவிட்டேன். நான் உட்கார்ந்திருப்பது பாபநாசத்துக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டுத் திண்ணையில்.

"ஆராய்ச்சி என்கிறாய், எந்நேரமும் திண்ணையில்தான் இருக்கிறாய். அப்படி என்னதான் ஆராய்ச்சியோ?" என்று எதிர்வீட்டு அத்தை நேற்றுக் கேட்டார். நியாயமான கேள்வி. துறையின் பெயர் மனித-கணினி ஊடாட்டம். பெயர்தான் கரடுமுரடு. ஒரு கருவி மனிதர் கைக்கு வந்தபின் அதற்கும் அவருக்கும் என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. இந்தத் துறையின் பெரிய மாநாடு 1982-இல் தொடங்கியது. அன்று கணினி இருந்த இடம் பெரும்பாலும் அலுவலகம். இன்று அது அடுப்படி வரை வந்துவிட்டது. நான் எடுத்துக்கொண்ட பகுதி குடும்ப நலம். சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்கம், மாத்திரை, மூட்டு வலி, எல்லாம் இதற்குள் வரும்.

முதலில் நான் அசடு வழிந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை. இரவு மாத்திரையை மறந்துவிடுகிறார் என்று அம்மாவின் போனில் ஒரு செயலி செய்து போட்டேன். ஏழரை மணிக்கு மணி அடிக்கும், "எடுத்தாயிற்று" என்ற பொத்தானை அழுத்தினால் நிற்கும். மூன்று வாரம் கழித்து என் கணினியில் பார்த்தேன். ஒரு வேளைகூடத் தவறவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு மாத்திரை அட்டையைப் புரட்டினால் ஒன்பது மாத்திரை அப்படியே இருக்கின்றன. விசாரித்தபோது விஷயம் தெரிந்தது. ஏழரை மணிக்கு அந்தப் போன் எப்போதும் அக்கா மகன் கையில் இருக்கும். அவன் விளையாடிக்கொண்டிருக்கும்போது நடுவில் மணி அடித்தால் தொந்தரவுதானே? தாத்தா சார்பாக அவனே "எடுத்தாயிற்று" என்று அழுத்திவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்திருக்கிறான். மூன்று வாரமும் நான் அளந்தது ஏழு வயதுப் பையனின் பொறுமையின்மையை.

இதில் எனக்கு வெட்கம் என்னவென்றால், இதைப் படித்துவிட்டுத்தான் நான் செயலி செய்தேன். நித்யா சாம்பசிவனும் அவருடன் இருந்தவர்களும் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசப் பெண்களிடம் பேசி 2018-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அந்த வீடுகளில் போன் தனி உடைமை அல்ல, பிள்ளையும் கணவரும் மாமியாரும் எடுத்துப் புழங்குகிற பொருள் என்பது அதில் தெளிவாக இருக்கிறது. படித்தேன், அடிக்கோடு போட்டேன், பிறகு ஓர் ஆளுக்கு ஒரு போன் என்றே செய்துவைத்தேன். படிப்பு வேறு, புத்தி வேறு.

நலக் கருவிகள் பலவும் தனி ஆளை நினைத்தே செய்யப்பட்டவை. 2008-இல் சன்னி கன்சால்வோவும் அவருடைய குழுவினரும் போன் திரையில் ஒரு பூந்தோட்டம் வைத்தார்கள். நீங்கள் உடற்பயிற்சி செய்யச் செய்ய அதில் பூ மலரும். நல்ல யோசனைதான். அம்மாவிடம் சொன்னேன். "நாள் முழுக்க நடவுக்குக் குனிந்து நிமிர்ந்தால் எத்தனை பூ தருவார்கள்?" என்று கேட்டார்.

எங்கள் வீட்டில் நலம் என்பது தனி ஆள் கணக்கே இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது, உங்களுக்குத் தெரியும். அந்தத் திட்டத்தில் வருகிற தன்னார்வலர் அக்கா திண்ணையில் உட்கார்ந்து அப்பா கையில் பட்டையைச் சுற்றி, "மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா ஐயா?" என்று கேட்பார். அப்பா வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து பதில் வரும். "எங்கே போடுகிறார்? நேற்றுப் போடவில்லை. அதற்கு முந்தின நாள் கல்யாண வீட்டில் இரண்டு ஜாங்கிரி." உடம்பு அப்பாவுடையது, கணக்குப் புத்தகம் அம்மாவின் தலைக்குள் இருக்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் லாரா பினா, ஜூலி கியன்ட்ஸ் முதலியோர் 2017-இல் இதைத்தான் எழுதினார்கள்: தனி ஆளின் அளவை விட்டு, குடும்பமாகச் சேர்ந்து அளப்பதற்கு வடிவமைக்க வேண்டும் என்று. பிறகு பெற்றோரும் பள்ளிப் பிள்ளைகளும் தங்கள் தூக்கக் கணக்கைச் சேர்ந்து பார்க்கிற ஒரு கருவியும் செய்தார்கள்.

இப்போது கோலத்துக்கு வருகிறேன்.

அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறான். அம்மா தினமும் காலை ஆறு மணிக்கு வாசல் தெளித்துக் கோலம் போட்டு, படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவார். அங்கே அப்போது எட்டரை மணி, அண்ணன் ரயிலில் நின்றுகொண்டு பார்ப்பான். பதில் எழுத மாட்டான், கூப்பிடவும் மாட்டான். படம் வந்தால் அவனுக்குப் போதும். ஒரு நாள் படம் வராமல் ஏழு மணி ஆனதும், "அம்மாவுக்கு என்ன?" என்று எனக்குப் போன் அடித்தான். ஒன்றுமில்லை, போனில் சார்ஜ் இல்லை.

அமெரிக்காவில் ஜார்ஜியா டெக் நிறுவனத்தில் எலிசபெத் மைனட், ஜிம் ரோவன் முதலியோர் 2001-இல் வெளியிட்ட ஒரு வேலை உண்டு. தனியாக வாழும் முதியவரின் படத்தைத் தொலைவில் இருக்கும் பிள்ளை வீட்டில் மாட்டுவார்கள். படச் சட்டத்தைச் சுற்றி நாளுக்கு ஒரு பட்டாம்பூச்சி. முதியவர் வீட்டில் உணரிகள் இருக்கும். அன்று நடமாட்டம் அதிகமென்றால் பட்டாம்பூச்சி பெரிது, குறைவென்றால் சிறிது. எழுத்து இல்லை, எண் இல்லை, கேமரா இல்லை. சுவரைக் கடந்து போகிறபோது கண்ணில் படும், அவ்வளவுதான். அந்தக் கட்டுரையைப் படித்த அன்று குழுவில் பழைய கோலப் படங்களை எல்லாம் வரிசையாகத் திறந்து பார்த்தேன். மார்கழியில் 15 புள்ளி, ஊடு புள்ளி, 8-இல் நிறுத்தம். சில நாள் 7 புள்ளி. சில நாள் வெறும் 5 புள்ளியில் ஒரு சிக்குக் கோலம். தைலம் வாங்கிய சீட்டுகளைத் தேதியோடு ஒப்பிட்டேன். முட்டி வலிக்கிற நாளில் அம்மாவால் வெகுநேரம் குனிந்திருக்க முடியவில்லை, கோலம் சுருங்கிவிடுகிறது. எங்கள் வீட்டுப் பட்டாம்பூச்சி கோலமாவில் இருந்திருக்கிறது.

உடனே எனக்கு என்ன தோன்றியிருக்கும்? ஆமாம், அதேதான். படத்தைக் கொடுத்தால் புள்ளியை எண்ணிச் சொல்லும் ஒரு நிரல். வழிகாட்டிப் பேராசிரியருக்கும் பிடித்திருந்தது. ஆனால் அம்மாவிடம் சொல்லாமல் எண்ணுவது வேவு பார்ப்பது அல்லவா? சொன்னேன். அம்மா சிரித்துவிட்டு, "அப்படியா?" என்றார்.

மறுநாளிலிருந்து குழுவில் பெரிய பெரிய கோலங்கள். முட்டி சரியாகிவிட்டது என்று அண்ணன் கைகூப்பும் படம் அனுப்பினான். இது போன மாதம், வைகாசியில். அதில் ஒரு நாள் வந்த படத்தில் கோலத்தின் நடுவே சாணி உருண்டை, அதன்மேல் மஞ்சளாகப் பூசணிப்பூ. வைகாசியில் எங்கிருந்து வந்தது பூசணிப்பூ? வாசலுக்கு ஓடிப் போய்ப் பார்த்தேன். சின்னதாக ஒரு 5 புள்ளி. அம்மா மார்கழிப் படங்களைத் தேடி எடுத்து ஒவ்வொன்றாக அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். "அவன் அங்கே தனியாக இருக்கிறான். என் முட்டியை நினைத்துக்கொண்டே வேலைக்குப் போக வேண்டுமா?" என்றார்.

நிரலை அழித்துவிட்டேன். பேராசிரியருக்குக் கடிதம் எழுதியாகிவிட்டது, பதில் வரவில்லை. எண்ணுவதை நிறுத்திவிட்டேன் என்று அம்மாவிடம் சொல்லி மூன்று வாரமாகிறது. இப்போது அன்றன்றைய கோலம்தான் வருகிறது, பூசணிப்பூ இல்லை.

கேமராவைக் கொஞ்சம் திருப்புகிறேன், வாசலைப் பாருங்கள். டிராக்டர் சக்கரம் ஓர் ஓரத்தை இழுத்துக்கொண்டு போய்விட்டது, மீதி தெரிகிறதா? ம்... 5 புள்ளி. ஒன்பதே காலுக்கு டவுன் பஸ் இருக்கிறது. பாபநாசம் போய்த் தைலம் வாங்கி வந்துவிடுகிறேன். மருந்துக் கடைக்குப் போவதாக யாரும் அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.