பான்டூன் படகோட பக்கத் தகட்டுக்கு பெட்லைனர் கோட்டிங் தாங்குமா?

அடுத்த கேள்வி, கனடா ஒன்டாரியோவுல இருந்து ஒரு நேயர். "22 அடி பான்டூன் படகு, அதாவது அலுமினிய உருளைங்க மேல தட்டையா தளம் போட்ட படகு. சுத்தி இருக்கிற பக்கத் தகடெல்லாம் வெளிறிப்போச்சு, ஸ்டிக்கர் பாதி உரிஞ்சு நிக்குது. பிக்கப் வண்டித் தொட்டியில அடிக்கிற ராப்டர் மாதிரி கோட்டிங்கை இதுக்கு ஸ்பிரே பண்ணலாமா? ஒரு கிட் போதுமா? கீழ இருக்கிற அலுமினிய உருளைக்கும் அப்படியே அடிச்சிடலாமா?"

தகட்டுக்கு அடிக்கலாம். ஒரு கிட் போதாது. உருளைக்கு வேண்டாம்.

உருளை ஏன் வேண்டாம்னா, இந்தக் கோட்டிங் வெயிலுக்கும் கீறலுக்கும் தெறிக்கிற தண்ணிக்கும் நல்லா நிக்கும். மாசக்கணக்கா தண்ணிக்குள்ளயே கிடக்கிறது வேற கணக்கு. கரையில கல்லு உரசி ஊசிமுனை அளவு திறந்தாக்கூட போதும், தண்ணி உள்ள போய் உக்காந்துக்கும். காத்துப்படாத அந்த ஈரத்துல அலுமினியம் வெள்ளைப் பொடியாப் பூத்துக் குழி விழும். வெளிய பார்த்தா ஒரு கொப்புளம்தான் தெரியும். பாசி பிடிக்குதேன்னு அதைத் தடுக்கிற ஆன்டிஃபவுலிங் பெயின்ட் அடிக்கிறதா இருந்தாலும் செம்பு கலந்தது மட்டும் வேண்டாம். செம்பும் அலுமினியமும் தண்ணியில சேர்ந்தா அரிச்சுப்போறது அலுமினியம்தான்.

இப்ப அளவு. ரெண்டு பக்கமும் 20, 20 அடி, முன்னும் பின்னும் 8, 8 அடி, உயரம் 2 அடின்னு வெச்சா 112 சதுர அடி. வெளிப்பக்கத்துக்கு மட்டும்தான் இந்தக் கணக்கு. நாலு பாட்டில் கிட் ஒரு கோட்டுக்கு 120 சதுர அடி சுமாருக்கு வரும். ரெண்டு கோட் கண்டிப்பா வேணும், அதனால ரெண்டு கிட், எட்டு பாட்டில். ஒரு கிட்டையே இழுத்து மெல்லிசா அடிச்சா முதல் கோட்டோட திட்டு அப்படியே தெரியும்.

ஸ்பிரே துப்பாக்கியை எடுக்கிறதுக்கு முன்னாடி இருக்கிற வேலைதான் பெரிசு. இது உரியுதுன்னு புலம்புறவங்க படகைப் பார்த்தீங்கன்னா, பெரும்பாலும் ஸ்க்ரூவைச் சுத்தியும் பழைய ஸ்டிக்கர் இருந்த இடத்துலயும்தான் உரிஞ்சிருக்கும். ஸ்டிக்கரை ஹீட் கன்ல இளக்கி எடுத்து, பசையைத் தனியா துடைங்க. சீட்டு பளபளக்க அடிக்கிற ஸ்பிரே இருக்கே, அதுல சிலிக்கான் இருந்தா தகட்டுலயும் படிஞ்சிருக்கும். அதைத் துடைக்காம தேய்ச்சீங்கன்னா பேப்பரே அதை உள்ள அழுத்திடும், அப்புறம் பெயின்ட் விலகி மீன்கண்ணு மாதிரி வட்டம் வட்டமா நிக்கும். அதனால முதல்ல சோப்புத் தண்ணி. அடுத்து கிரீஸ் ரிமூவர்: ஒரு துணியால தடவி, அது காயறதுக்குள்ள இன்னொரு சுத்தமான துணியால எடுத்துடுங்க. அதுக்கு அப்புறம்தான் உப்புத்தாள்.

பழைய பெயின்ட் கெட்டியா இருந்தா அதை முழுசா சுரண்ட வேண்டாம், பளபளப்பு போற அளவுக்கு 180 நம்பர் உப்புத்தாள்ல தேய்ச்சாப் போதும். வெறும் அலுமினியம் தெரியற இடத்துல இரும்புக் கம்பி பிரஷ் போடாதீங்க. இரும்புத் துகள் உள்ள பதிஞ்சு பின்னால அங்கிருந்தே அரிக்கும். தேய்ச்ச அலுமினியத்துல ஆக்சைடு உடனே திரும்பப் படிய ஆரம்பிச்சிடும், அதனால அன்னைக்கே, முடிஞ்சா சில மணி நேரத்துக்குள்ள ரெண்டு பாகமா வந்து கலந்து அடிக்கிற எபாக்சி பிரைமர் (அடிப்பூச்சு) அடிச்சிடுங்க. அமிலத்தால உலோகத்தை லேசா அரிச்சுப் பிடிக்கிற எட்ச் பிரைமர் அடிச்சு அதுக்கு மேல எபாக்சியும் போட்டா டபுள் பாதுகாப்புன்னு நினைக்காதீங்க, பல எபாக்சி அதுமேல ஒட்டாது. ஏதாவது ஒண்ணு.

ஸ்க்ரூவை எல்லாம் கழட்டிட்டு அடிங்க. ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவும் அலுமினியமும் தொடுற இடத்துல ஈரம் பட்டா அரிப்பு வரும், கோட்டிங் அங்கதான் முதல்ல தூக்கும். திரும்ப மாட்டும்போது மரைக்கு டெஃப்-ஜெல் மாதிரி அரிப்பைத் தடுக்கிற பேஸ்ட் தடவுங்க.

கலவை, கோட்டிங் மூணு பங்குக்கு ஹார்டனர், அதாவது அதை இறுக வைக்கிற திரவம், ஒரு பங்கு. 750 மில்லி இருக்கிற பாட்டில்ல 250 மில்லி ஹார்டனர், ரெண்டு நிமிஷம் நல்லா குலுக்கணும். கலந்தது 20 டிகிரியில ஒரு மணி நேரம் சுமாருக்கு இறுகாமத் தாங்கும், வெயில் ஏறினா அதுவும் குறையும். எட்டு பாட்டிலையும் ஒண்ணாக் கலந்து வெச்சுக்காதீங்க. துப்பாக்கிக்குக் காத்தழுத்தம் 40லருந்து 60 பிஎஸ்ஐ, தகட்டுல இருந்து ஒன்றரை அடி தூரம். அழுத்தம் கூட்டித் தள்ளி நின்னா பொடி மணல் மாதிரி வரும், குறைச்சுக் கிட்ட நின்னா சொரசொரப்பு பெரிசா வரும். பக்கத் தகட்டுக்குப் பொடிதான் நல்லது, பெரிய சொரசொரப்புல ஏரிப் பாசியும் அழுக்கும் போய் உக்காந்தா கழுவிக் கழுவி அலுத்துப்போகும். ரெண்டு கோட்டுக்கும் நடுவுல ஒரு மணி நேரம் விடுங்க. கடைசிக் கோட் அடிச்சு கால் மணி, அரை மணிக்குள்ள, மறைக்க ஒட்டின டேப்பை உரிச்சிடணும். மறுநாள் உரிச்சா விளிம்பும் டேப்போடவே கிளம்பி வரும்.

ஏரிக்கரையில காலையில அடிக்கிறவங்க பனியைக் கவனிங்க. தகட்டோட சூடு பனி படியற வெப்பத்தை விட 3 டிகிரியாவது மேல இருக்கணும்.

ஹார்டனர்ல இருக்கிறது ஐசோசயனேட்ங்கிற, மூச்சைப் பாதிக்கிற ரசாயனம். வெறும் தூசி மாஸ்க் போட்டு அடிக்காதீங்க, வெளிக்காத்தைக் குழாய்ல கொண்டுவர்ற மாஸ்க்தான் சரி. ஒருதடவை உடம்புக்கு ஒவ்வாம ஆயிடுச்சுன்னா அப்புறம் கொஞ்சம் பட்டாலே மூச்சு இழுக்கும்.

கதவுக் கீல், ஏணி மடங்குற இடம், சட்டக் குழாய்ல தண்ணி வடியற ஓட்டை, இதையெல்லாம் மறைச்சிடுங்க. ஓட்டை அடைபட்டா உள்ள நிக்கிற தண்ணி குளிர்ல உறைஞ்சு குழாயையே பிளந்துடும், உங்க ஊர்ல அது நிச்சயம். பின்பக்கக் குறுக்குச் சட்டத்துல, வலதுபக்க உருளை சேர்ற இடத்துக்கிட்ட 12 எழுத்து படகு எண் இருக்கும், அது மேலயும் படக்கூடாது. முன்பக்கம் ஒட்டுற லைசென்ஸ் எண் 7.5 சென்டிமீட்டர் உயரமாவது இருக்கணும், ஆனா வினைல் எழுத்து இந்தச் சொரசொரப்புல ஒட்டாது. அந்த இடத்துக்கு மட்டும் டேப் போட்டு வழவழப்பா விடுங்க, இல்லேன்னா தனித் தகட்டுல எழுத்தை ஒட்டி அதை ரிவெட் அடிச்சிடுங்க.